முதுமையும் ஊர்தியும்

மாந்தன் தன் வாழ்நாளில் இருமுறை நடை பயில்கிறான். தத்தித் தத்தி நடக்கும் மழலைப் பருவத்தில் ஒருமுறை. கைத்தடி தேடும் முதுமைப் பருவத்தில் மற்றொருமுறை. முதல் நடையைக் கண்டு வீடே கூடிக் கைதட்டுகிறது. இரண்டாம் நடையைக் காண எவரும் விரும்புவதில்லை. நடப்பவரும் காட்ட விரும்புவதில்லை. இவ்விரு நடைகளுக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை இக்காலத்தவர் ஊர்தியின் மேல் கழித்துவிடுகின்றனர். அவ்வூர்தியை விட்டு இறங்க வேண்டிய நாள் எது? அதனை எடுத்துரைக்க வேண்டியவர் யார்? எடுத்துரைக்கும் முறை யாது? நம் குடும்பங்களில் இன்னும் வாய்விட்டுப் பேசப்படாத வினாக்கள் இவை. இவற்றுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத் துறையின் மலரில் இப்பொருள் எதற்கு என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். வீட்டில் பாட்டனாரின் வண்டிச் சாவியைப் பற்றிய பேச்சு எழும்போது, "நீ படித்தவன், நீயே எடுத்துச் சொல்" என்று முதலில் முன்னிறுத்தப்படுபவர் அவ்வீட்டின் கல்லூரிப் பிள்ளையே. அவ்வாறு முன்னிறுத்தப்பட்டு, முதலில் தவறிப் பின்னர்க் கற்றுக்கொண்ட ஒருவனின் பட்டறிவாகவும் இதனைக் கொள்ளலாம்.

செட்டிகுளமும் சிறுவண்டியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பாடாலூரைக் கடந்து, ஆலத்தூர் கேட்டில் பிரிந்து சென்றால் செட்டிகுளத்தை அடையலாம். கையில் கரும்பேந்திய முருகன் குடிகொண்ட குன்றும், ஏகாம்பரேசுவரர் கோயிலும் அவ்வூரின் அடையாளங்கள். மற்றோர் அடையாளம் சின்ன வெங்காயம். தமிழகத்தில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் முதன்மையானது பெரம்பலூர். அறுவடை முடிந்ததும் தாளோடு அடுக்கிப் பட்டறை போட்டுக் காத்து, விலை வரும்போது விற்பது இங்குள்ள உழவர் வழக்கம்.

இத்தகைய ஊர்களின் வாழ்வை மாற்றிய பொருள்களுள் ஒன்று ஒசூரில் உருவாகி 1980ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி. மாட்டு வண்டி பூட்ட நேரமில்லாதவரும், மோட்டார் சைக்கிள் வாங்க வசதியில்லாதவரும் இதனை வாங்கினர். முன்புறம் உரமூட்டை, பின்புறம் வெங்காய மூட்டை, நடுவில் உழவர் என்னும் காட்சி எங்கள் பகுதிச் சாலைகளில் நாள்தோறும் காண்பது. அன்று நாற்பது வயதில் அவ்வண்டியில் ஏறியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களுள் ஒரு சாரார் இன்னும் இறங்கவில்லை. முதியவரும் ஊர்தியும் என்னும் சிக்கல் மேலைநாட்டில் மகிழுந்தைப் பற்றியது; நம் ஊரில் அது பெரும்பாலும் இருசக்கர வண்டியைப் பற்றியது. மகிழுந்தில் மோதினால் தகடு நசுங்கும். இருசக்கர வண்டியில் மோதினால் உடலே நசுங்கும். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது.

ஒரு மாலைப்பொழுது

என் தந்தையார் (எங்கள் வழக்கில் அத்தா) வெங்காய உழவர். 1986இல் முதல் சிறுவண்டியை வாங்கினார், இப்போதிருப்பது மூன்றாவது. அகவை எழுபத்தேழு. மாற்றங்கள் மெல்ல மெல்லவே வந்தன. வீட்டுக் கதவின் நிலையில் வண்டியின் கைப்பிடி உரசிய தடம் தோன்றியது. வலப்புறம் திரும்புவதாகக் காட்டும் விளக்கு, திரும்பிய பின்னும் அரைக் கல் தொலைவு எரிந்துகொண்டே வந்தது. அண்டை வீட்டார் ஒருவர், "ஐயா எதிரே வந்தால் நாங்களே ஒதுங்கிவிடுகிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பில் ஓர் எச்சரிக்கை இருந்ததை நான் உணரவில்லை.

ஒரு மாசி மாதத்து மாலை, கதிரவன் சாய்ந்த வேளையில், வயலிலிருந்து திரும்பிய அத்தா சாலையைக் கடந்த சைக்கிளைக் காணவில்லை. பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமி கீழே விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இறைவன் காத்தான். இச்செய்தியை அத்தா வீட்டில் எவரிடமும் கூறவில்லை. நான்கு நாள் கழித்துத் தேநீர்க் கடைக்காரர் வாயிலாகவே அறிந்தேன். மறுநாளே அவர் தனியாக அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்று, அவள் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டு வந்ததையும் அவர்தாம் சொன்னார். தவறு நேர்ந்ததை அத்தா மறைக்கவில்லை. எங்களிடம் மட்டுமே மறைத்தார். ஏன் மறைத்தார் என்பதற்கு விடை, அடுத்து நான் செய்த செயலில் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன். கண்முன் வந்த சைக்கிள் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை முதலில் காண்போம்.

உடல் சொல்லும் காரணங்கள்

ஓட்டுதல் என்பது கை கால்களின் தொழில் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது முதலில் கண்ணின் தொழில். முதுமையில் கண்ணின் பாவை சுருங்குகிறது. அதனுள் இருக்கும் வில்லை மஞ்சள் படிகிறது. இருபது வயது இளைஞனின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது என்பர் கண்ணியல் அறிஞர். நண்பகலில் இக்குறை தெரியாது. அந்தி மயங்கும் வேளையில் தெரியும். கண்புரை இருப்பின் எதிர்வரும் விளக்கின் ஒளி சிதறிக் கண் கூசும்; கூசிய கண் மீண்டும் தெளிவதற்கும் நெடுநேரம் ஆகும். கண்ணழுத்த நோயோ ஓசையின்றி வந்து பக்கப் பார்வையைப் பறிக்கிறது. நேரே நோக்கும் பார்வை நன்றாக இருப்பதால், பக்கவாட்டில் வரும் சைக்கிளைத் தாம் காணவில்லை என்பதையே அந்நோயாளி அறியார்.

அடுத்தது கழுத்து. தேய்மானம் கண்ட கழுத்து எளிதில் திரும்பாது. ஆதலால் பின்னே வரும் பேருந்தைத் திரும்பிப் பாராமலேயே வலப்புறம் வளைகின்றனர். நெடுநாள் சர்க்கரை நோயினால் பாதம் மரத்துப்போனவர்க்குக் கால் ஊன்றிய இடம் திடமானதா, சரளையா என்பது புலப்படாது. செவி மந்தமானால் ஒலிப்பான் ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது.

மூன்றாவது காலம். கண்டதை மூளை உணர்ந்து கைக்கு ஆணையிடும் நேரம் முதுமையில் நீள்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அரை நொடி தாமதம் என்பது நான்கு மீட்டர். ஒரு சைக்கிளின் நீளம் இரண்டு மீட்டர்கூட இல்லை என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது இக்கணக்கு மேலும் கடுமையாகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் ஊர்தி பத்து நொடியில் 220 மீட்டர் கடந்துவிடும். தொலைவில் வரும் ஊர்தியின் வேகத்தைக் கணிக்கும் திறன் குறைந்தவர், "அது எங்கோ வருகிறது" என்று எண்ணிச் சாலையில் இறங்கும்போது அது அருகில் வந்துவிடுகிறது.

நான்காவது மருந்து. சளிக்கு உண்ணும் மாத்திரைகளுள் சில உறக்கம் தருவன. இரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றலை உண்டாக்கும். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் உணவு தவறினால் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் தரும். நோன்புக் காலத்தில் மாலை வேளையில் வண்டி எடுக்கும் முதியோர் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். இறுதியாக மறதி நோய். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பெயர் மறப்பது பொதுவான முதுமை. நன்கு பழகிய சாலையில் வழி மயங்கி நிற்பது மருத்துவரிடம் கூற வேண்டிய செய்தி.

ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டுமே ஓட்டுந்திறனை முடிவுசெய்வதில்லை. எண்பது வயதில் தெளிவாக ஓட்டுவோரும் உளர். அறுபதில் தடுமாறுவோரும் உளர். ஆதலின், "வயதாகிவிட்டது, நிறுத்துங்கள்" என்பது காரணமும் ஆகாது, மரியாதையும் ஆகாது. எது குறைந்துள்ளது என்று கண்டறிவதே முறை. கண்புரை அறுவையால் சீராகும். மாத்திரையை மருத்துவர் மாற்றித் தரலாம். சீராக்க இயல்வது எது, இயலாதது எது என்று பிரித்தறிந்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

"உரிமம் இருக்கிறதே!" என்பது முதியோர் கூறும் முதல் விடை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 2019இல் திருத்தப்பட்டவாறு, ஐம்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறது. நாற்பது வயதைக் கடந்தோர் 1-அ என்னும் படிவத்தில் மருத்துவச் சான்று பெற்றுத் தருதல் வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து மகிழுந்தின் எண் பலகையைப் படிக்க இயல வேண்டும் என்பது அதில் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று. உரிமத்துக்கு மேல்வயது வரம்பு என ஒன்றும் நம் நாட்டில் இல்லை.

ஒருவர் நோயினாலோ உடற்குறையினாலோ ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்பக் காரணம் இருப்பின், இடையிலேயே மருத்துவச் சான்று கேட்கவும் உரிமத்தை விலக்கவும் உரிமம் வழங்கும் அலுவலருக்கு அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆயினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை காணும் அலுவலர், அதற்கிடையில் உதிரும் ஆயிரத்தெண்ணூறு நாள்களின் மாற்றத்தை எங்ஙனம் அறிவார்? கதவு நிலையில் உரசிய தடத்தை அவர் காண்பதில்லை, நாம்தாம் காண்கிறோம். ஆகவே உண்மையான தேர்வாளர் குடும்பத்தினரே.

பலர் அறியாத ஒரு செய்தியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வண்டி மகனின் பெயரில் இருக்கிறது. தந்தையாரின் உரிமம் காலாவதியாகிவிட்டது. அஃதறிந்தும் மகன் ஓட்ட விடுகிறார் எனில், 180ஆம் பிரிவின்படி மகனும் குற்றம் புரிந்தவராகிறார். ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் தான் அளித்த இழப்பீட்டை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கவும் இடமுண்டு. ஒரு கணப் பிழையில் இரண்டு குடும்பங்கள் சாய்ந்துவிடும்.

பிற நாட்டார் கண்ட வழி

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து அரசியாரின் கணவரான இளவரசர் பிலிப், 2019 சனவரி 17ஆம் நாள், தம் தொண்ணூற்றேழாம் வயதில், சாண்ட்ரிங்காம் அரண்மனைக்கு அருகே தாமே ஓட்டிச் சென்ற ஊர்தியால் மற்றொரு மகிழுந்தில் மோதினார். அதிலிருந்த இரு பெண்கள் காயமுற்றனர். ஒன்பது மாதக் குழந்தையொன்று காயமின்றித் தப்பியது. அடிவானத்துக் கதிரவன் ஒளியில் எதிரே வந்த வண்டி புலப்படவில்லை என்று குறித்து, காயமுற்ற பெண்ணுக்கு அவர் வருத்தம் தெரிவித்து மடல் எழுதினார். அடுத்த மாதம் 9ஆம் நாள் தாமாகவே உரிமத்தைத் திருப்பி அளித்தார். ஓட்டுநர் பலரை வைத்துக்கொள்ள இயன்ற அரண்மனைவாசிக்கே தம் கையால் ஓட்டுவதை விட மனமில்லை எனில், வேறு துணையற்ற உழவருக்கு எங்ஙனம் இருக்கும்?

சப்பான் நாட்டில் உரிமத்தைத் தாமாகத் திருப்பி அளிக்கும் முறை 1998இல் தொடங்கியது. எழுபத்தைந்து வயதைக் கடந்தோர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் தேர்வு எழுதும் முறை 2009இல் வந்தது. 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் எண்பத்தேழு வயது முதியவர் ஒருவர் ஓட்டிய மகிழுந்து மோதி இளந்தாயும் அவருடைய மூன்று வயது மகளும் மாண்டனர். நாடே அதிர்ந்தது. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் தம் உரிமத்தைத் திருப்பி அளித்தனர். அங்கு உரிமத்தைத் திருப்பித் தருவோர் வெறுங்கையுடன் அனுப்பப்படுவதில்லை. இத்தனை ஆண்டு ஓட்டியவர் என்னும் சான்றினைக் கேட்டுப் பெறலாம். அதனைக் காட்டினால் பல ஊர்களில் பேருந்துக் கட்டணத்தில் சலுகை உண்டு. எடுத்துக்கொள்ளும்போதே மதிப்பையும் மாற்றுவழியையும் ஒருங்கே தருகின்றனர். நான் செய்த பிழையை எனக்கு உணர்த்தியது இக்கருத்தே.

சாவியை ஒளித்த கதை

சிறுமி விழுந்த செய்தி கேட்ட அன்றிரவு, அத்தா உறங்கிய பின் வண்டிச் சாவியை எடுத்து என் புத்தக அலமாரியில் ஒளித்து வைத்தேன். மறுநாள் வைகறையில் அவர் தேடினார், கேட்டார், "நான்தான் எடுத்து வைத்தேன், இனி வேண்டாம் அத்தா" என்றேன். அவர் சினக்கவில்லை. மறுசொல் பேசவுமில்லை. வீட்டிலேயே தொழுதார். அன்றும் அடுத்தடுத்த நாள்களிலும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வயலைப் பற்றிக் கேட்கவில்லை; பட்டறையிலிருந்த வெங்காயத்தின் விலையைக்கூட விசாரிக்கவில்லை. உணவு பாதியானது. ஒன்பதாம் நாள் அம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "வண்டியை மட்டும் எடுத்திருந்தால் சரிதான் தம்பி. நீ அவருடைய ஊரையே எடுத்துவிட்டாய்."

அதன் பின்னரே எனக்குப் புலப்பட்டது. அத்தாவுக்கு வண்டி என்பது இரும்பன்று. அது பள்ளிவாசல், வயல், தேநீர்க் கடை விசிப்பலகை, அடுத்த ஊரில் படுக்கையில் கிடக்கும் பள்ளித் தோழர். சாவியைப் பறித்தபோது இவை அனைத்தையும் ஒருசேரப் பறித்துவிட்டேன். நடந்ததை அவர் எங்களிடம் மறைத்ததும் இதற்கு அஞ்சியே. முதியவர் ஊர்தியை விட வேண்டுமெனில், அவருடைய பயணங்களை நாம் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பயணங்களுக்கு வழி செய்யாமல் சாவியை வாங்குவது, கைத்தடியைப் பறித்துவிட்டு விழாதே என்பது போன்றது.

ஏழு நாள் ஏடு

சாவியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து உணவுண்ட பின், ஒரு நாற்பது பக்க ஏட்டுடன் அருகில் அமர்ந்தேன். "வண்டியை விடச் சொல்லி வரவில்லை அத்தா. எங்கெங்கே போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளத்தான் வந்தேன்" என்றேன். "கணக்கெடுப்புக்கு வந்துவிட்டாயா?" என்று சிரித்தார். ஒன்பது நாள்களுக்குப் பின் கண்ட முதற் சிரிப்பு அது.

ஏழு நாள் எழுதினோம். மொத்தம் 31 பயணம். பள்ளிவாசலுக்குப் 14, வயலுக்கு 6, தேநீர்க் கடைக்கு 5, கடைவீதிக்கு 3, தோழர் வீட்டுக்கு 2, பெரம்பலூர் மருத்துவமனைக்கு 1. ஏடு காட்டிய உண்மை எங்கள் இருவரையும் வியப்பில் ஆழ்த்தியது. முப்பத்தொன்றில் இருபத்திரண்டு பயணம் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிட்டன. நெடுஞ்சாலையைத் தொட்டது ஒன்றே ஒன்று.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வழி கண்டோம். பள்ளிவாசலும் தேநீர்க் கடையும் கடைவீதியும் நடைத் தொலைவு. நடுவழியில் தையற்கடை வாசலில் அவர் இளைப்பாற ஒரு நாற்காலி போட்டுவைக்கக் கடைக்காரர் இசைந்தார். வைகறைத் தொழுகைக்கு அண்டை வீட்டு இளைஞர் உடன் வருகிறார். கையில் ஒரு விளக்கு. வயலுக்கு, அங்கு வேலை செய்பவரே காலை ஏழு மணிக்கு வந்து தம் வண்டியில் அழைத்துச் செல்கிறார். அதற்கு மாதந்தோறும் ஒரு தொகை பேசிக் கொடுத்துவிட்டோம். இது இன்றியமையாதது. காசில்லாமல் ஏற்றிச் செல்வோரை மறுமுறை அழைக்க முதியவர் கூசுவார். கூலி பேசியவரைக் கூசாமல் அழைப்பார். தோழர் வீட்டுக்கு ஊரிலுள்ள ஆட்டோ. மருத்துவமனைக்கு மாதத்தின் முதற் சனிக்கிழமை நானே பேருந்தில் உடன் செல்கிறேன்.

குறைக்கத் தக்க பயணங்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொணர்ந்து தருவதற்கென வகுக்கப்பட்டது. ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்வுச் சான்றினை விரல்ரேகை கொண்டு மின்முறையில் அளிக்கும் ஜீவன் பிரமாண் என்னும் ஏற்பாடு 2014 முதல் உள்ளது. அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்து பதிவுசெய்து தரும் வசதி 2020இல் வந்தது. 2021 மே மாதத்தில் மகளிர்க்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வீட்டுக்குரிய சிறுசிறு வேலைகளை அம்மா தாமே சென்று முடித்து வருவதும் எளிதாயிற்று.

செலவையும் ஒளிக்காமல் கூறுகிறேன். வண்டிக்குப் பெட்ரோலும் பழுதும் சேர்ந்து மாதம் 900 ரூபாய் ஆகியது. புதிய ஏற்பாட்டுக்கு 1,400 ஆகிறது. மிகுதி ஐந்நூறு ரூபாய். சிறுமியின் முழங்கையை எண்ணிப் பார்க்கையில் அது மிகுதியாகத் தோன்றவில்லை.

பேசும் முறை

இதனுடன் கண் மருத்துவரையும் கண்டோம். இரு கண்ணிலும் புரை. பார்வை மிகக் குறைந்த கண்ணுக்கு முதலில் அறுவை செய்தனர். பகற்பார்வை தெளிந்தது. ஆனால் கழுத்தும் மரத்த பாதமும் மாறவில்லை. மருத்துவர் அத்தாவிடமே நேரில் சொன்னார்: "பகலில் மட்டும்; ஊருக்குள் மட்டும்; பின்னால் எவரையும் ஏற்ற வேண்டாம்." நான் சொல்லியிருந்தால் கட்டளையாகத் தோன்றியிருக்கும், மருத்துவர் சொன்னதால் அறிவுரையாயிற்று. ஒரே நாளில் நிறுத்தாமல், முதலில் இரவையும், பின்னர் நெடுஞ்சாலையையும், அதன்பின் மழை நாளையும் விலக்குவது பலருக்கு ஏற்ற வழி. ஆனால் மறதி நோய் உறுதியாகி ஓட்டுதல் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டால், அல்லது கண்முன் மயக்கம் நேர்ந்தால், படிப்படி என்பதற்கு இடமில்லை. அன்றே நிறுத்தல் வேண்டும். சாலையில் செல்லும் பிறர் பிள்ளைகளின் உயிர் நம் தந்தையாரின் மனவருத்தத்தினும் பெரிது.

பேசுமிடத்து மனங்கொள்ள வேண்டியவை சில. பலர் கூடிய இடத்தில் பேசலாகாது. பேரப்பிள்ளைகள் முன்னிலையில் ஒருபோதும் கூடாது. விபத்து நேர்ந்த சூட்டோடு பேசலாகாது. "உங்களால் முடியாது" என்று தொடங்காமல், "நெடுஞ்சாலை முன்போல் இல்லை" என்று சாலையிலிருந்து தொடங்கலாம். வாசலில் வண்டியொன்றை நிறுத்தி, அதிலிருந்து முப்பத்தைந்து எட்டு நடந்து, நின்று எண் பலகையைப் படிக்கும் தேர்வைத் தந்தையும் மகனும் சேர்ந்தே செய்து பார்க்கலாம். தோற்பவர் மகனாகவும் இருக்கக்கூடும். முதுமை எய்திய பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியும் எழலாகாது என்று திருமறை பணிக்கிறது. நம் தமிழ் அறநூல்களும் இன்சொல்லையே வலியுறுத்துகின்றன. நல்லது சொல்கிறோம் என்னும் துணிவு, கடுஞ்சொல்லுக்கு உரிமம் ஆகாது.

கடல் கடந்த பிள்ளைகள்

எங்கள் பகுதியில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகளின் வீடுகள் பல. அங்கெல்லாம் வண்டி ஓட்டும் வேலை முதிய தந்தையின் தலையிலேயே விழுகிறது. பேரனைப் பள்ளியில் விடுவது அவர். சமையல் எரிவாயு உருளை ஏற்றி வருவது அவர். "அத்தா நலமா?" என்று தொலைபேசியில் கேட்கும் மகனுக்கு, "நலம்" என்னும் விடையே கிடைக்கும். அவ்விடை போதாது. "இந்த வாரம் எங்கெங்கே வண்டி எடுத்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். ஊருக்கு வரும் விடுமுறையில் ஒருநாளேனும் தந்தையின் வண்டிக்குப் பின்னே தனி வண்டியில் சென்று கவனிக்க வேண்டும். மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் ஆட்டோவுக்கென ஒரு சிறு தொகையைப் பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும். பெயர் சொல்லி ஒதுக்காத பணத்தை முதியவர் தமக்கெனச் செலவிடமாட்டார். பேரனுக்கு மிட்டாய் வாங்கிவிடுவார்.

நிறைவாக

மருத்துவர் வகுத்த எல்லைக்குள் அத்தா ஏழு மாதம் ஓட்டினார். ஒருநாள் ஆட்டோ கிடைக்கவில்லை என்று பகல் வேளையில் தோழரைக் காண அவரே புறப்பட்டிருக்கிறார். ஐம்பதாண்டு பழகிய பாதையின் பிரிவில் சற்று நேரம் நின்றுவிட்டு, தோழரைக் காணாமலேயே திரும்பினார். வண்டியைத் திண்ணையோரம் நிறுத்தி, துடைத்து, சாவியை என் கையில் தந்தார். "எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தெரியவில்லை தம்பி. இனி இது உன்னிடம் இருக்கட்டும்" என்றார். அன்று மாலையே அவரைத் தோழர் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். மறுவாரம் மருத்துவரிடமும் அச்செய்தியைக் கூறினோம். முன்பு நான் ஒளித்த அதே சாவிதான். ஆனால் பறித்த சாவி வீட்டை ஒன்பது நாள் ஊமையாக்கியது. தந்த சாவிக்குப் பின் அவர் வழக்கம்போல் மறுநாள் தேநீர்க் கடைக்கு நடந்து போனார்.

இப்போது அவர் என் பின்னால் அமர்ந்து வருகிறார். வளைவு வரும்போதெல்லாம், "ஒலிப்பானை அடி" என்று தோளைத் தட்டுகிறார். நான் அடிக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு நாற்பது பக்க ஏட்டை உடன் கொண்டு செல்லுங்கள். உங்கள் தாத்தாவோ தந்தையாரோ எங்கெங்கே செல்கிறார்கள், எவ்வேளையில் செல்கிறார்கள், எதற்காகச் செல்கிறார்கள் என்று ஏழு நாள் எழுதுங்கள். சாவியைப் பற்றிப் பேசாதீர்கள். பயணத்தைப் பற்றிப் பேசுங்கள். அப்பயணங்களுள் ஒன்றையேனும் இன்றே உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். நம் முதல் நடைக்குக் கைதட்டியவர்களின் இரண்டாம் நடைக்குத் தோள் கொடுப்போம்.